தண்ணீர் பட்டால் எரியும் ரசாயனம்: குழாயைத் திறக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நைட்ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 11:20

மூன்று வாரமாக இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மருந்து மூலப்பொருள் செய்யும் ஓர் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. ஊரும் பெயரும் வேண்டாம். சோடியம் மெத்தாக்சைடு தயாரிக்க எங்களுக்கு உலோகச் சோடியம் வரும், செங்கல் போலக் கட்டிகளாக, பாலித்தீன் சுற்றி, டிரம்முக்குள் அடைத்து. வெட்டினால் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். வெட்டிய முகம் வெள்ளி மாதிரி பளபளக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். எடை பார்க்கும்போது மிஞ்சும் துண்டுகளை மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டின்னில் போட்டு வைப்பது வழக்கம்.

அன்றைக்கு இரவு ஒன்றரை மணி. டின் காலி என்று நினைத்து ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அதைக் கழுவுவதற்கு எடுத்துப் போயிருக்கிறார். அடியில் நாலைந்து துண்டு, ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. குழாயைத் திறந்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம், உடனே மஞ்சள் தீ. மிச்சமிருந்த மண்ணெண்ணெய் தண்ணீர்மேல் மிதந்து பரவ, தீயும் அதன் பின்னாலேயே போய்த் தொட்டி முழுக்கப் படர்ந்தது. இதைப் பார்த்த இன்னொருவர் காப்பாற்றும் அவசரத்தில் சுவரில் இருந்த ஹோஸ் ரீலை இழுத்து வந்து முழு வேகத்தில் அடித்தார். "அடிக்காதே" என்று நான் கத்தியது பம்பு சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஒரு துண்டு வெடித்துச் சிதறி முதலாமவரின் முன்கையில் மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது தேறி வருகிறார், ஆனால் இரண்டு விரல்களை முழுசாக மடக்க முடியவில்லை.

விசாரணை அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த டின்மேல் ஓர் எழுத்துகூட இல்லை. வருஷா வருஷம் பயிற்சி கொடுக்கிறோம், தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, அணைத்துக் காட்டி, போட்டோ எடுத்து. எப்போது தண்ணீர் அடிக்கக் கூடாது என்று அந்த இருவருக்கும் யாரும் ஒரு நாளும் சொல்லவில்லை, நான் உட்பட.

உங்கள் இடங்களில் முதல் ஐந்து நிமிடத்தை எப்படிக் கையாள்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பட்டறைக்காரர் | செவ்வாய், இரவு 11:58

தம்பி, படிக்கும்போதே கை பதறுகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் காஸ் வெல்டிங் பட்டறைகளில் இன்னமும் கார்பைடு கல் போட்டுத்தான் அசிட்டிலீன் எடுக்கிறார்கள். நானும் இருபது வருஷம் அப்படித்தான். கல்லைத் தண்ணீரில் போட்டால் காஸ் வரும் என்பது எங்களுக்குத் தொழில், அதனால் பயமே விட்டுப்போய்விட்டது.

ஒரு தடவை மழையில் கூரை ஒழுகி டிரம் மூடிமேல் சொட்டியிருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் பூண்டு வாடை. என் தம்பி பையன் உளியும் சுத்தியலும் எடுத்து மூடியைத் தட்டித் திறக்கப் போனான். மூடி கூரையில் போய் அடித்தது. அவன் முகம் ஒரு சாண் தள்ளி இருந்ததால் பிழைத்தான், புருவம் மட்டும் கருகியது. உள்ளே எவ்வளவு காஸ் சேர்ந்திருக்கும் என்று யாராவது கணக்குச் சொல்லுங்கள்.

வேதியியல் டீச்சர் | புதன், காலை 6:10

பட்டறை அண்ணே, ஒரு கிலோ கார்பைடு முழுசாகக் கரைந்தால் ஏறக்குறைய 300 லிட்டர் அசிட்டிலீன் வரும். உங்கள் டிரம்மில் கைப்பிடி அளவு கல் நனைந்திருந்தாலே போதும். அதைவிட முக்கியமானது, அசிட்டிலீன் எரியக்கூடிய வரம்பு மிகப் பெரியது. சமையல் காஸ் காற்றில் சுமார் 2 முதல் 10 சதவீதம் இருந்தால்தான் பற்றும். அசிட்டிலீன் 2.5 சதவீதத்தில் தொடங்கி 80 சதவீதம் வரைக்கும் பற்றும். "காஸ் அதிகமாகிவிட்டது, இனிப் பற்றாது" என்ற பேச்சுக்கே இடமில்லை. உளியிலிருந்து வந்த ஒரு பொறிதான் அந்த மூடியைத் தூக்கியிருக்கிறது.

பூண்டு வாடை அசிட்டிலீனுடையது இல்லை. கல்லில் கலந்திருக்கும் கால்சியம் பாஸ்பைடு ஈரத்தில் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும், அந்த வாடை அது. மாங்காயைக் கல் வைத்துப் பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்திருப்பதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

நைட்ஷிஃப்ட் தம்பி, அறிக்கையில் கையெழுத்துப் போடாதது சரி.

கடற்கரை வாசி | புதன், காலை 7:35

நான் குளச்சல் பக்கம். 2025 மே மாதம் கேரளா பக்கம் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது எங்கள் கரைக்கெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் வந்து ஒதுங்கின. அந்தக் கப்பலில் 640 கண்டெய்னர், அதில் 13 ஆபத்தான சரக்கு, அந்தப் பதிமூன்றில் 12 கால்சியம் கார்பைடு என்று செய்தி வந்தது. கரை ஒதுங்கும் பெட்டியிலிருந்து 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள், 112-க்குக் கூப்பிடுங்கள் என்றார்கள். ஆனால் ஏன் என்று யாரும் விளக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கரையில் எது ஒதுங்கினாலும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். கடல் தண்ணீரில் ஊறிய கல் இன்னும் ஆபத்தானதா, இல்லை அதற்குள் கரைந்துபோயிருக்குமா?

வேதியியல் டீச்சர் | புதன், காலை 8:02

நல்ல கேள்வி. தண்ணீர் தாராளமாகப் புகுந்த டிரம் என்றால் கல் முழுவதும் கரைந்து உள்ளே சுண்ணாம்புக் குழம்புதான் மிஞ்சும். பயப்பட வேண்டியது பாதி நனைந்ததற்கும் மூடி இறுகிய டிரம்முக்கும்தான். இலேசாக விரிசல் விட்டு ஈரம் மட்டும் உள்ளே போன டிரம்மில் காஸ் சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியே வர வழி இருக்காது. கண்டெய்னர் பெட்டிக்குள் சேர்ந்தாலும் அதே கதை. வெளியிலிருந்து பார்த்து எது எந்த நிலை என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் 200 மீட்டர். பீடி, செல்போன், டார்ச், எதுவும் கிட்டே வேண்டாம். பிள்ளைகளிடம் "அதுக்குள்ள வெல்டிங் காஸ் இருக்கு" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஃபயர் ரிட்டயர்டு | புதன், காலை 9:41

முப்பத்தொரு வருஷம் தீயணைப்பில் இருந்தவன். ஒரு விஷயத்தை மனம் திறந்து சொல்கிறேன். வண்டியிலிருந்து குதித்தவுடன் ஹோஸை விரிப்பதுதான் எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம். கூட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கும். இரண்டு நிமிடம் தண்ணீர் அடிக்காமல் நின்றால் "வேடிக்கை பார்க்கவா வந்தீங்க" என்று கல் எறிவார்கள், எறிந்திருக்கிறார்கள். ரசாயனத் தீயில் அந்த இரண்டு நிமிடம்தான் எல்லாம்.

நான் கடைசிப் பத்து வருஷம் என் ஆட்களுக்குச் சொன்னது இதுதான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வண்டியை நிறுத்து, மேட்டில் நிறுத்து. இறங்காதே. முதலில் பைனாகுலரை எடு. டிரம்மிலோ லாரியிலோ சாய்சதுர அட்டை இருக்கும். நீல அட்டையில் தீச்சுடர் போட்டு, கீழ்முனையில் 4 என்று இருந்தால் தண்ணீர் பட்டால் எரியும் வாயு விடும் சரக்கு, வகுப்பு 4.3. ஆலைச் சுவரில் நாலு நிறச் சாய்சதுரம் இருந்தால் வெள்ளைக் கட்டத்தைப் பார், அங்கே குறுக்கே கோடு போட்ட டபிள்யூ எழுத்து இருந்தால் அதே அர்த்தம். டேங்கரில் ஹேஸ்கெம் என்ற அவசர நடவடிக்கைக் குறியீடு இருந்தால் முதல் இலக்கம் 4 என்றால் உலர்ந்த பொருள் மட்டும்தான் பயன்படுத்தணும். ஆரஞ்சுப் பலகையில் ஆபத்து எண்ணுக்கு முன்னால் எக்ஸ் எழுத்து இருந்தால் தண்ணீரோடு மோசமாக வினைபுரியும் என்று பொருள்.

அப்புறம் நாலு இலக்க யூஎன் எண், எந்தச் சரக்கு என்று காட்டும் உலகப் பொது எண். சோடியம் 1428, கார்பைடு 1402, அலுமினியம் பாஸ்பைடு 1397. இந்த எண்ணை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ போக்குவரத்துத் துறைகள் சேர்ந்து வெளியிடும் அவசரகால வழிகாட்டிப் புத்தகத்தில் தேடினால் எந்த வழிகாட்டிப் பக்கம் என்று வரும். இலவசம், போனிலேயே வைத்துக்கொள்ளலாம், 2024 பதிப்பு வந்திருக்கிறது. சோடியத்துக்கும் கார்பைடுக்கும் 138-ஆம் வழிகாட்டி. அதில் முதல் வேலையாகத் திடப்பொருள் சிந்தினால் சுற்றிலும் 25 மீட்டர், திரவம் என்றால் 50 மீட்டர் ஆட்களை விலக்கச் சொல்லும். டேங்கர் தீயில் சிக்கினால் 800 மீட்டர். தண்ணீரோ நுரையோ கூடாது என்றும் போட்டிருக்கும்.

இன்னொரு வரியும் அதில் உண்டு, அதைத்தான் அதிகாரிகளுக்கு ஏற்றுக்கொள்ளவே மனசு வராது: பெரிய தீ என்றால், உலர்ந்த மணலும் பொடியும் போதாது என்றால், விலகி நின்று எரிந்து தீர விடு. ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ தாவாமல் பார்த்துக்கொண்டு நிற்பதும் தீயணைப்பு வேலைதான்.

டெல்டா பாய் | புதன், காலை 10:15

அய்யா, சீனாவில் தியான்ஜின் துறைமுகத்தில் அதுதானே நடந்தது? கார்பைடு மேல் தண்ணீர் அடித்ததால்தான் குடோனே வெடித்து அத்தனை தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். இதுதான் எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம்.

நைட்ஷிஃப்ட் | புதன், காலை 10:50

முதல் வாரத்தில் அப்படித்தான் உலகம் முழுக்கப் பேசினார்கள், நானும் பயிற்சி வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன், பிறகு திருத்திக்கொண்டேன். 2015 ஆகஸ்ட் 12 இரவு நடந்தது. சீன அரசின் விசாரணை சொன்னது வேறு: கண்டெய்னரில் இருந்த நைட்ரோசெல்லுலோஸ் ஈரம் காய்ந்து, வெயில் சூட்டில் தானாகவே பற்றி, அந்தத் தீ அடுக்கி வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் போனது. முதல் வெடிப்புக்கும் இரண்டாவதுக்கும் அரை நிமிடம்தான். இறந்தவர்கள் 165, காணாமல் போனவர்கள் 8. அதில் பெரும்பங்கு தீயணைப்பு வீரர்கள்.

தண்ணீர்தான் காரணம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வாசலில் நின்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை, அந்த நிலையிலேயே உள்ளே போனார்கள். மேலே ஒன்றுமே எழுதாத என் டின்னுக்கும் அதற்கும் அளவில்தான் வித்தியாசம். தண்ணீர்மேல் பழியைப் போட்டுவிட்டால், சரக்குப் பட்டியல் கையில் இல்லாத குற்றம் மறைந்துவிடும்.

வேதியியல் டீச்சர் | புதன், மதியம் 1:20

தண்ணீரால் தொடங்கிய பெரும் விபத்து என்றால் நம் நாட்டிலேயே இருக்கிறது, ஆனால் யாரும் அந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை. போபால். 1984 டிசம்பர் 2 இரவு 610-ஆம் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே ஏறக்குறைய 40 டன் மெத்தில் ஐசோசயனேட். அது எளிதில் தீப்பற்றும் திரவம், தண்ணீரோடு சேர்ந்தால் கொதித்து வாயுவாகும், அந்த வாயு நஞ்சு. இந்த இழையின் தலைப்புக்கு முழுப் பொருத்தம். வாயு வெளியே வந்தபிறகு ஆலையில் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள், வாயு வந்த குழாய் வாய் சுமார் 33 மீட்டர் உயரம், தண்ணீர் அந்த உயரத்தை எட்டவில்லை.

அதே இரவில் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தாலே நிறையப் பேர் பிழைத்திருப்பார்கள் என்று பிறகு எழுதினார்கள். தொட்டிக்குள் போன தண்ணீர் கொன்றது, துணியில் இருந்த தண்ணீர் காப்பாற்றியிருக்கும். அதனால் "தண்ணீரே கூடாது" என்று ஒரே வரியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை. எங்கே, எதன்மேல், எப்போது என்று சொல்லணும்.

டேங்கர் டிரைவர் | புதன், மாலை 5:05

டீச்சர் சொல்வதை ரோட்டில் பார்த்திருக்கிறேன். தயோனைல் குளோரைடு ஏற்றிக்கொண்டு போனேன். தீப்பற்றாத சரக்குதான், ஆனால் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் சல்பர் டை ஆக்சைடும் கிளம்பும். சாரல் மழை, பின் வால்வில் சொட்டு. வெள்ளைப் புகை. டீக்கடையில் நிறுத்தினால் ஜனம் குடத்தோடு ஓடி வருகிறது, லாரி தீப்பிடித்துவிட்டது என்று. நான் குறுக்கே கையை விரித்து நின்றேன், ஒருத்தர் என்னைத் தள்ளிவிட்டே ஊற்றினார். அப்புறம் வந்த புகையில் அத்தனை பேரும் இருமிக்கொண்டு ஓடினார்கள்.

வண்டியில் ட்ரெம் கார்டு இருக்கிறது, சரக்கின் ஆபத்தும் அவசரத்தில் செய்ய வேண்டியதும் எழுதிய அட்டை, ஆனால் ஆங்கிலத்தில், என் பையில். ஜனங்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அன்றிலிருந்து வண்டியின் பின்பக்கம் "தண்ணீர் ஊற்றாதே" என்று தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் நானே பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். ஓனர் முதலில் திட்டினார், இப்போது எல்லா வண்டியிலும் அடிக்கச் சொல்லிவிட்டார்.

ஃபயர் ரிட்டயர்டு | புதன், மாலை 5:48

டிரைவர் தம்பி, நீங்கள் செய்தது பெரிய காரியம்.

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிச் சரக்கில் புகையை மட்டும் அமுக்கத் தள்ளி நின்று மெல்லிய தூவலாகத் தண்ணீர் போடலாம், கசிவின்மேலோ தொட்டிக்குள்ளோ ஒரு சொட்டும் படாமல். ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும், காற்று திரும்பினால் கதை முடிந்தது. குளோரோசிலேன் (சிலிக்கானும் குளோரினும் சேர்ந்த ரசாயனம்) வகை என்றால் இன்னும் தனி: தண்ணீர் கூடாது, ஆனால் ஆல்கஹால் தாங்கும் நடுத்தர விரிவு நுரை போடச் சொல்லி அதே வழிகாட்டியில் 139-இல் இருக்கிறது. 138-ஐ மட்டும் மனப்பாடம் செய்தவன் அங்கே நுரையும் போடாமல் நிற்பான். எண்ணைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்புங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

டெல்டா பாய் | புதன், இரவு 8:30

சரி, திருத்தத்துக்கு நன்றி. அப்போ சோடியம் மாதிரித் தீ வந்தால் வாளி மணல் போதும்தானே? எல்லா பெட்ரோல் பங்க்கிலும் சிவப்பு வாளி தொங்குகிறதே.

நைட்ஷிஃப்ட் | புதன், இரவு 9:15

போதும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். விபத்துக்கு மறுநாள் எங்கள் சிவப்பு வாளிகளில் கையை விட்டுப் பார்த்தேன். மேலே ஓர் அங்குலம் காய்ந்த மணல், அதற்குக் கீழே குளிர்ந்த ஈரம், ஒன்றில் பான்பராக் எச்சில். அந்த வாளியைச் சோடியத்தின்மேல் கவிழ்த்திருந்தால் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம்.

உலர்ந்த மணல் சோடியத்துக்கு உதவும், உண்மையிலேயே உலர்ந்திருந்தால். சோடா ஆஷும், அதாவது நீரில்லாத சோடியம் கார்பனேட் பொடியும் உதவும், ஆனால் கடையில் வாஷிங் சோடாப் படிகத்தை வாங்கி வைத்துவிடாதீர்கள், அந்தப் படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நாங்கள் இப்போது காற்றுப் புகாத பெட்டியில் காய்ந்த உப்பு வைத்திருக்கிறோம், கூடவே உலோகத் தீக்கான டி வகுப்பு அணைப்பான், அதிலும் உப்புப் பொடிதான். இது வேகமாகப் பீய்ச்சுகிற சாதனம் இல்லை. நீண்ட குழலின் நுனியிலிருந்து மாவு தூவுவது போல மெதுவாக மூடிக்கொண்டே வரணும். வேகமாக அடித்தால் உருகிய உலோகம் தெறிக்கும். மூடியபிறகு மேலே ஓடு கட்டும், அதைக் கிளறக் கூடாது, உள்ளே மணிக்கணக்கில் சூடு இருக்கும். சாதாரண ஏபிசி பொடி, கார்பன் டை ஆக்சைடு இரண்டுமே உலோகத் தீக்கு வேண்டாம். எரியும் மெக்னீசியம் கார்பன் டை ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கி எரியும்.

லித்தியத்துக்கு மணலும் கூடாது, அது மணலோடும் வினைபுரியும், நைட்ரஜனோடும் வினைபுரியும். கிராபைட் பொடி அல்லது செம்புப் பொடி.

கல்பாக்கம் பக்கம் | புதன், இரவு 10:02

சோடியம் என்றதும் எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் கட்டியிருக்கும் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை என்ற அணுமின் உலையில் குளிர்விப்பதற்கே சுமார் 1,750 டன் சோடியம். நைட்ஷிஃப்ட் சொல்லும் கொண்டைக்கடலை எங்கே, இது எங்கே. சூடான சோடியம் காற்றில் பட்டாலே எரியும், தண்ணீரே வேண்டாம். தீ உயரமாகக் கிளம்பாது, தரையோடு தவழும், ஆனால் வெள்ளைப் புகை கண்ணை மறைக்கும், அந்தப் புகை ஈரத்தில் காஸ்டிக் ஆகும், தோலை அரிக்கும் காரம்.

பலருக்குத் தெரியாத ஒன்று, கான்கிரீட் தரையிலும் தண்ணீர் இருக்கிறது. எரியும் சோடியம் அதன்மேல் கிடந்தால் கான்கிரீட்டில் பிணைந்திருக்கும் நீர் வெளியே வந்து ஹைட்ரஜன் கிளம்பும், தரை பொரிந்து சிதறும். அதனால்தான் சோடியம் இருக்கும் இடங்களில் தரைக்கு எஃகுத் தகடு போர்த்துவதும், கசிவைப் பிடிக்கத் தட்டுகள் வைப்பதும். ஜப்பானின் மோன்ஜு அணு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று வெப்பமானி உறை முறிந்து சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் எடுத்த வீடியோவை மறைத்தார்கள் என்று தெரிந்தபிறகு ஜனங்கள் அந்த உலையை நம்பவே இல்லை. நைட்ஷிஃப்ட் தம்பி கையெழுத்துப் போடாததைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இ-ஸ்கூட்டர் | புதன், இரவு 11:10

லித்தியம் என்றீர்களே, அப்போ என் மின் ஸ்கூட்டர் பேட்டரி எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாதா? எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் அப்படித்தான் ஃபார்வர்டு வந்தது.

ஃபயர் ரிட்டயர்டு | வியாழன், காலை 5:50

அந்த ஃபார்வர்டை நம்ப வேண்டாம். ஸ்கூட்டரில் இருப்பது லித்தியம் அயான், அதில் உலோக லித்தியம் கட்டியாக இல்லை. அங்கே சூடு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவுவதுதான் பிரச்சினை, அதைக் குளிர்விக்கத் தண்ணீர்தான் மருந்து, அதுவும் வாளிக்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில். நீங்கள் கிட்டே போகாதீர்கள், புகை நஞ்சு. எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112.

உலோக லித்தியம் உள்ள, திரும்ப சார்ஜ் செய்ய முடியாத ஒருமுறை பேட்டரிகள் வேறு ஜாதி. தென்கொரியாவில் ஹ்வாசோங் நகரில் 2024 ஜூன் 24 அன்று தீப்பிடித்து 23 பேர் இறந்தார்களே, அந்த ஆலையில் செய்தது அந்த வகை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது.

அரிசி மண்டி | வியாழன், காலை 10:25

வணக்கம். பூச்சிக்கு மூட்டை நடுவே போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. அது காற்றின் ஈரத்திலேயே பாஸ்பீன் விடும். நான் முன்பு வேலை பார்த்த குடோனில் மிஞ்சிய சாம்பல் பொடியை ஒரு சாக்கில் மொத்தமாகக் கொட்டி வெளியே வைத்தார்கள், இரவு மழை, சாக்கு தானாகவே பற்றி எரிந்தது. நல்லவேளை வெளியில் இருந்தது.

அமெரிக்காவில் டெக்சாஸின் அமரில்லோவில் 2017 ஜனவரியில் ஒரு குடும்பம். வீட்டுக்கு அடியில் இந்த மாத்திரையைப் போட்டிருக்கிறார்கள், வாடை தாங்காமல் அப்பா தண்ணீர் பீய்ச்சிக் கழுவ முயன்றிருக்கிறார். கிளம்பிய பாஸ்பீனில் நாலு பிள்ளைகள் இறந்துபோனார்கள். வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்றுதான் அந்த மனிதர் நினைத்திருப்பார். இதை என் ஆட்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் அடைத்துவிடும்.

வேதியியல் டீச்சர் | வியாழன், மாலை 4:40

அதே வழிகாட்டிப் புத்தகத்தில் பச்சைப் பக்கங்கள் இருக்கின்றன. தண்ணீரில் விழுந்தால் எது எந்த நச்சு வாயுவை விடும் என்று அங்கே தனிப் பட்டியல். அலுமினியம் பாஸ்பைடுக்கு நேரே பாஸ்பீன். மண்டிக்காரர்கள் அந்த ஒரு பக்கத்தையாவது பிரிண்ட் எடுத்து ஒட்டி வையுங்கள். வாடையை வைத்து அளவைக் கணிக்காதீர்கள், மூக்கு ஏமாற்றும்.

நைட்ஷிஃப்ட் தம்பி, கையில் ஒட்டிய துண்டை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே. முதலுதவிதான் எல்லாரும் குழம்பும் இடம்.

நைட்ஷிஃப்ட் | வியாழன், இரவு 11:45

அதை எழுதக் கஷ்டமாக இருந்தது, டீச்சர். அவர் கையைக் குழாயடியில் நீட்டப் போனார். பிடித்து இழுத்தேன். இடுக்கியால் கண்ணுக்குத் தெரிந்த மூன்று துண்டையும் எடுத்தேன், ஒன்று தோலோடு வந்தது. சுற்றி ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைக் காய்ந்த துணியால் துடைத்தேன். துண்டு எதுவும் மிச்சமில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தபிறகுதான் தண்ணீருக்கடியில் கையை வைத்தோம், இருபது நிமிடத்துக்கும் மேலாக, நிற்காமல். உலோகம் போனபிறகு மிஞ்சுவது காஸ்டிக், அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். எடுக்க முடியாதபடி உள்ளே புதைந்திருந்தால் மினரல் ஆயில் ஊற்றி மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வரிசை மாறக் கூடாது: முதலில் எடு, துடை, பிறகு தாராளமாகத் தண்ணீர்.

வேதியியல் டீச்சர் | வெள்ளி, காலை 6:30

சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு. ஆள்மேலேயே உடை எரிந்துகொண்டிருந்தால் யோசிக்க நேரமில்லை, பாதுகாப்பு ஷவருக்குக் கீழே தள்ளுங்கள். 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுக்கும்போது அதன் உள்தண்டு கழன்று தீப்பிடித்தது. ஆய்வகக் கோட்டு போட்டிருக்கவில்லை, உடுத்தியிருந்தது செயற்கை இழை, உருகி உடம்போடு ஒட்டியது. ஷவருக்குப் போகவில்லை. பதினெட்டு நாள் கழித்து இறந்தார். என் மாணவிகள் நைலான் துப்பட்டாவோடு ஆய்வகத்துக்குள் வந்தால் நான் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் அந்தப் பெண்தான். அவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நைட்ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 9:20

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். துண்டு போடும் டின்களுக்கு நீலப் பெயிண்ட் அடித்தோம், டேங்கர் அண்ணன் சொன்ன அதே மூன்று மொழியில் "தண்ணீர் ஊற்றாதே". சோடியம் அறைக்குப் பக்கத்தில் இருந்த ஹோஸ் ரீலை அடுத்த சுவருக்கு மாற்றி, அந்த இடத்தில் உப்புப் பெட்டி. சரக்குப் பட்டியல் ஒரு நகல் செக்யூரிட்டி கேட்டில், தீயணைப்பு வண்டி உள்ளே நுழையும் முன் கையில் கொடுக்க. அறிக்கையில் இருந்த "கவனக்குறைவு" வரியை எடுத்துவிட்டு "டின்னில் குறியீடு இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மேலே இருந்து இன்னும் பதில் வரவில்லை.

காயம்பட்டவர் வியாழக்கிழமை வந்திருந்தார். புது ஆட்களுக்குத் தானே சொல்லித் தருகிறேன் என்றார். கையை நீட்டிக் காட்டி ஐந்தே நிமிடம் பேசினார். என் இரண்டு மணி நேர வகுப்பில் தூங்குகிற பையன்கள் அசையாமல் கேட்டார்கள்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 10:05

தம்பி, நானும் கார்பைடு டிரம்மைத் தரையிலிருந்து மரப்பலகைமேல் ஏற்றி, ஒழுகாத மூலைக்கு மாற்றிவிட்டேன். ஆனால் பழைய டிரம் ஒன்று கிடக்கிறது, அடி துருப்பிடித்து, மூடி கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கிறது. பித்தளை உளி வாங்கியிருக்கிறேன், பொறி வராது என்றார்கள். நாளைக்குத் திறந்து பார்க்கட்டுமா?

நைட்ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 10:08

வேண்டாம் அண்ணே, தொடவே தொடாதீர்கள். உப்பியிருக்கிறது என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, பித்தளை உளியாலும் பிரயோஜனமில்லை. இன்றைக்கு இரவே பட்டறை மெயினை வெளியிலிருந்து அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, யாரும் உள்ளே படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபயர் ரிட்டயர்டு | ஞாயிறு, இரவு 10:12

காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே 101-க்கு அடியுங்கள். "கார்பைடு டிரம், உப்பியிருக்கிறது, தண்ணீர் கொண்டுவர வேண்டாம்" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். ஸ்டேஷன் எது என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள், நானும் அவர்களிடம் பேசுகிறேன்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 10:31

அடித்துவிட்டேன் அய்யா. பக்கத்து டீக்கடையையும் அணைக்கச் சொல்லிவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறோம். வண்டி வருகிறது.